தள்ளாட்டத்தை அளக்கும் கருவி வாங்கலாமா?

கே: தலை அசைவை அளக்கும் பட்டையை ஆன்லைனில் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு மாதம் பெட்டியைப் பிரிக்கவில்லை. இப்போது பார்த்தால் அதன் ஆப் என் போனில் ஓடவில்லை. எந்தெந்த போனில் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது, நான் படிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், மண்டபம்

ப: கிடைக்காது. போட்டிருந்ததைப் படித்திருக்க வேண்டும், பெட்டியை வந்த அன்றே பிரித்திருக்க வேண்டும்.

கே: இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் காலையில்தான் கரை இறங்கினேன். ஊரில் நடந்த முகாமில் தலையில் பட்டை கட்டி, ஒரு பலகைமேல் அரை நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். "41 மார்க்தான், நரம்பு பலவீனம்" என்று சொல்லி 6,800 ரூபாய்க்கு இடுப்பு பெல்ட்டை விற்றுவிட்டார்கள். பில் இல்லை, துண்டுச் சீட்டுதான்.
- மீனவர், தங்கச்சிமடம்

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அண்ணே. படகில் இருந்து இறங்கியவருக்குத் தரையும் ஆடுவது போலத்தான் இருக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சரியாகிவிடும். அந்த நேரத்தில் நிற்கவைத்து நோய் என்று சொன்னது அநியாயம்.

அசையாமல் நிற்கும் மனிதரே கிடையாது. கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு, இந்த மூன்றையும் வைத்து மூளை நம்மை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் மருத்துவர்கள் காலைச் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்ணைத் திறந்தும் மூடியும் பார்க்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரோம்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் சொன்ன சோதனை அது, கருவியே வேண்டாம். பலகை காலடியில் விழும் அழுத்தத்தை அளக்கும். தலை எப்படி ஆடியது என்று அதற்குத் தெரியாது, அதற்குத்தான் பட்டை. இரண்டையும் கலந்து 41 என்றால், 41 என்ன? மில்லிமீட்டரா, டிகிரியா? கண் திறந்தா, மூடியா? எந்த வயதுக்காரரோடு ஒப்பிட்டு? கருவாட்டை நிறுத்துவிட்டு வெறுமனே "41" என்றால் காசு கொடுப்போமா? என் அம்மாவுக்காக நான் வாங்கிய பட்டை, மேசைமேல் சும்மா கிடக்கும்போதே மார்க்கை மாற்றி மாற்றிக் காட்டியது. விற்றவர்கள் இன்றுவரை பதில் தரவில்லை, என் கோபமும் ஆறவில்லை. அலகு சொல்லாத எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: சீட்டையும் பெல்ட்டையும் பத்திரமாக வையுங்கள். ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கே: அம்மாவுக்கு 70 வயது. போன் ஆப்பில் தலை அசைவைப் பார்க்கலாமா?
- வாசகி, கீழக்கரை

ப: போனில் அசைவை உணரும் சென்சார்கள் இருக்கின்றன. தலையோடு இறுக்கிக் கட்டினால் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அதே தரை, அதே நிலை, வெறுங்கால். கண் மூடி நிற்கும்போது ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். நோய் இருக்கிறதா என்பதை ஆப் சொல்லாது.

கே: படுக்கையில் புரண்டாலே உலகம் சுற்றுகிறது. எந்தக் கருவி வாங்கலாம்?
- வாசகர், தேவிபட்டினம்

ப: எதுவும் வாங்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உள்காதில் உள்ள கால்சியம் துகள்கள் இடம் மாறினால் இப்படிச் சுற்றும். அதுதான் என்றால், தலையைச் சில நிலைகளில் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். அப்புறம், தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.