முன்னால் ஒரு வீல் போதுமா? சைக்கிள் கேள்வி - பதில்

கேள்வி: என்னுடையது 27.5 இஞ்ச் மவுன்டன் பைக். பெடல் பக்கம் முன்னால் 42-32-22 பல் என மூன்று வீல் (பல்சக்கரம்), பின்னால் 8 ஸ்பீடு (எட்டுப் பல்சக்கரம்), 11-லிருந்து 32 பல் வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏறுவேன். முன் ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) அடிக்கடி சண்டித்தனம் செய்கிறது. நடு வீலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழற்றிவிடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: கழற்றலாம். ஆனால் பின்னால் இப்போது இருக்கும் கேசட்டை (பல்சக்கர அடுக்கை) அப்படியே விட்டுவிட்டுக் கழற்றினால், ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள். எல்லோரும் 42 போய்விட்டால் வேகம் போய்விடுமே என்றுதான் கவலைப்படுகிறார்கள், நான் கவலைப்படுவது அந்தச் சின்ன 22-க்காக. கணக்கு எளிது, முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின் சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். இப்போது உங்கள் ஆக லேசான கியர் 22/32, அதாவது 0.69. நடு வீல் மட்டும் இருந்தால் 32/32, சரியாக 1. உங்கள் டயருக்கு ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகர்ந்த சைக்கிள் இனி 2.15 மீட்டர் நகரும், அதே மேட்டில், அதே காலோடு.

அதனால் முன்னால் குறைத்ததைப் பின்னால் ஈடு கட்ட வேண்டும். 8 ஸ்பீடிலேயே இருக்க விரும்பினால் மைக்ரோஷிஃப்ட் கம்பெனியின் அகோலைட் செட்டில் 12-46 கேசட் உண்டு. 32/46 என்றால் 0.70, உங்கள் பழைய 22-ஐ அப்படியே திருப்பித் தந்துவிடும். ஆனால் அதற்கு அவர்களுடைய ஷிஃப்டரும் பின் டிரெய்லியரும் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற பாகம்) சேர்த்தே வாங்க வேண்டும், ஷிமானோ கம்பெனி ஷிஃப்டரோடு ஒத்துப்போகாது. கொஞ்சம் அதிகம் செலவழிக்கலாம் என்றால் ஷிமானோ டியோர் 11 ஸ்பீடு, 11-51 கேசட். உங்கள் இப்போதைய ஹப்பிலேயே (பின் சக்கரத்தின் நடுப்பாகம்) ஏறும், 32/51 = 0.63, பழையதைவிடவே லேசு. டியோர் 12 ஸ்பீடு பக்கம் போகாதீர்கள், அதற்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை ஹப் வேண்டும், பிறகு சக்கரத்திலும் கை வைக்க வேண்டிவரும்.

வேகம்? நிமிடத்துக்கு 80 மிதி என்று வைத்துக்கொண்டால் 42/11-இல் மணிக்கு 39 கிலோமீட்டர், 32/11-இல் 30. தடி டயரோடு சமதளத்தில் 39-இல் நீங்கள் எத்தனை நிமிடம் போயிருப்பீர்கள்? மலை இறக்கத்தில் பிரேக்தான் பிடிப்போம், மிதிப்பதில்லை. அப்புறம், 24 கியரை இழக்கிறோமே என்று வருத்தப்படவும் வேண்டாம். உங்கள் கேசட்டில் 42/28, 32/21, 22/15 மூன்றையும் வகுத்துப் பாருங்கள்: 1.50, 1.52, 1.47. மூன்று பெயரில் ஒரே கியர். இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுபவை நிறைய.

கடைசியாக ஒன்று. ஷிஃப்டர் சண்டித்தனம் மட்டும்தான் காரணம் என்றால் முதலில் முன் கேபிளை உள், வெளி இரண்டும் புதிதாக மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாயில் தீர்ந்துவிடுகிற வியாதிக்கு ஆபரேஷன் வேண்டாம்.

கேள்வி: முன் டிரெய்லியரையும் இடது ஷிஃப்டரையும் கழற்றி, நடு வீலில் மட்டும் ஓட்டுகிறேன். தேயிலைத் தோட்டப் பாதையில் இறங்கும்போது செயின் கழன்றுகொண்டே இருக்கிறது. (கோத்தகிரி வாசகர்)

பதில்: கழலத்தான் செய்யும். அந்த நடு வீல் செயினைப் பிடித்து வைக்கச் செய்யப்பட்டதல்ல, பக்கத்து வீலுக்குச் சுலபமாக அனுப்பி வைக்கச் செய்யப்பட்டது. குட்டையான பற்கள், பக்கவாட்டில் ஏற்றிவிடும் சின்னச் சின்ன முளைகள், எல்லாம் அதற்காகத்தான். இதுவரை முன் டிரெய்லியரின் கூண்டு வேலிபோல நின்று காத்தது, அதையும் எடுத்துவிட்டீர்கள்.

நேரோ-வைடு வீல் என்று கேட்டு வாங்குங்கள். செயினை உற்றுப் பார்த்தால் ஒரு துளை அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் மாறி மாறி வரும். இந்த வீலில் பற்களும் அதேபோல ஒன்று தடிப்பாக, ஒன்று மெல்லியதாக இருக்கும், அதனால் செயின் ஆடாமல் இறுக உட்காரும். இதனாலேயே பல் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். மாட்டும்போது தடிப்பல் அகலத் துளைக்குள் போகிறதா என்று பாருங்கள், ஒரு பல் தள்ளி மாட்டினால் செயின் மேலேயே நிற்கும். நடு வீல் இருந்த இடத்திலேயே போடுங்கள். பெரிய வீலை எடுத்துவிட்டால் பழைய போல்ட் நீளமாக நின்று இறுகாது, ஒற்றை வீலுக்கான குட்டை போல்ட் தனியாகக் கிடைக்கும். போல்ட் வட்டம் (போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 104 மில்லிமீட்டர் என்றால் சாதாரணமாக 32 பல்லுக்குக் கீழே போக முடியாது, 30 வேண்டுமானால் அதற்கென்றே மரை போட்டு வரும் வீலைத் தேட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் குதித்தால் கிளட்ச் உள்ள பின் டிரெய்லியர். கீழ்ச் செயின் துள்ளுவதை அது அடக்கிவிடும்.

கேள்வி: 21 கியர் சைக்கிள், வாங்கிய விலை குறைவுதான். இதையும் ஒற்றை வீலாக மாற்றித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். வலது கிராங்கைப் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) பாருங்கள், வீல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது அலன் கீ போடும் போல்ட்டா, அடித்து நசுக்கிய ரிவெட்டா? ரிவெட் என்றால் கிராங்கையே மாற்ற வேண்டும். அடுத்து பின் சக்கரத்தைக் கழற்றி, பல் அடுக்கைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் பள்ளங்களும் கூடவே சுற்றினால் கேசட், அவை சும்மா நின்றால் மரையில் ஏறிய ஃப்ரீவீல். 21 கியர் சைக்கிளில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான், 14-லிருந்து 28 பல். அதோடு முன்னால் 32 ஒன்றை மட்டும் வைத்தால் மேட்டிலும் கஷ்டம், சமதளத்திலும் கால் வெறுமனே சுற்றும். அகலக் கேசட் போட ஹப்பை மாற்று, ஹப்பை மாற்றினால் சக்கரம் கட்டு என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் சைக்கிள் விலையைத் தொட்டுவிடும்.

கேள்வி: புது மாடல்கள் எல்லாம் ஏன் ஒற்றை வீலோடு வருகின்றன? (திருச்சி வாசகர்)

பதில்: 2012-இல் ஸ்ராம் கம்பெனியின் எக்ஸ்எக்ஸ்1 கியர் செட் வந்தது, பின்னால் 10-42, பதினொரு பல்சக்கரம். 2016-இல் அவர்களே 10-50, பன்னிரண்டு. பின்னால் இவ்வளவு அகலம் கிடைத்த பிறகு முன் டிரெய்லியருக்கு வேலை குறைந்துவிட்டது. அது போனதால் தடி டயருக்கும் பின் சஸ்பென்ஷனுக்கும் இடம் கிடைத்தது, இடது கைப்பிடியில் சீட்டை ஏற்றி இறக்கும் லீவர் வந்து உட்கார்ந்துகொண்டது.

கேள்வி: புது அகலக் கேசட் போட்டுவிட்டேன். பழைய செயினே போதுமா? (கோவை வாசகர்)

பதில்: முதலில் நீளம். செயினை டிரெய்லியர் வழியாக விடாமல், முன் வீலையும் பின்னால் ஆகப் பெரிய பல்லையும் சுற்றிப் பிடியுங்கள். அது சேரும் இடத்துக்கு மேல் ஓர் அகலத் துண்டு, ஒரு குறுகல் துண்டு, மொத்தம் ஒரு அங்குலம் மிச்சம் வேண்டும். இல்லையென்றால் பெரிய பல்லுக்கு மாற்றும்போது டிரெய்லியர் முன்னுக்கு இழுபட்டு ஒடியும். பின் சஸ்பென்ஷன் இருந்தால் அதை அமுக்கிவைத்து அளக்க வேண்டும். பிறகு தேய்மானம்: ஒரு பின்னிலிருந்து அடுத்த இருபதாவது பின் வரை புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் இருக்கும். உங்களுடையது 256-ஐத் தொட்டிருந்தால் நீளம் சரியாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், புதுப் பல்லில் அது குதிக்கும்.