மார்பு அறுவைக்குப் பிறகு எப்போது மூட்டை தூக்கலாம்?

தம்பி, மார்பைத் தட்டையாக்கும் அறுவைக்கு டாக்டர் இரட்டைக் கீறல் (இரண்டு மார்புக்கும் அடியில் நீளமாகக் கீறி, திசுவையும் மிகுதித் தோலையும் எடுப்பது) என்கிறார், நீங்களோ தழும்பு அதிகம் தெரியாத சாவித்துளை முறைதான் (காம்பைச் சுற்றிய கருவளையத்தின் ஓரத்தில் சின்னதாகக் கீறி, அதன் வழியே திசுவை எடுப்பது) வேண்டும் என்கிறீர்கள். இரண்டு வாரத்தில் மளிகைக் கடைக்குத் திரும்பி மூட்டை தூக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மார்பு பெரிது என்று நீங்களே எழுதியிருப்பதால் டாக்டர் சொல்வதுதான் சரி. சாவித்துளை முறை சிறிய மார்புக்கும் நன்றாகச் சுருங்கும் தோலுக்கும்தான் பொருந்தும். இல்லையென்றால் தோல் தொங்கிப்போய் இன்னொரு அறுவை தேவைப்படலாம். இரட்டைக் கீறலில் பெரும்பாலும் காம்பைத் தனியாக எடுத்து ஒட்டுவார்கள். அதில் பழைய உணர்ச்சி அநேகமாகத் திரும்பாது. அதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் கல்லாவில் உட்காரலாம், அவ்வளவுதான். ஆறு வாரம் வரை தண்ணீர்க் குடம்கூட வேண்டாம். முதல் வாரம் பெரும்பாலும் விலாப்பக்கம், உள்ளே கசியும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் தொங்கும். அதன் பிறகும் சில வாரம் இறுக்கமான கம்ப்ரெஷன் உடுப்பு. சென்னைப் புழுக்கத்தில் எனக்கு வலியைவிட அதுதான் கொடுமை.

சிகரெட் பழக்கம் இருந்தால் ஒரு மாதம் முன்பே விடுங்கள், ஒட்டிய காம்பு பிடிக்காமல் போகலாம். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்புறம், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. பனியன் உதவாது, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நான்கைந்து எடுத்து வையுங்கள்.