கண்ணின் லென்ஸில் குறையே இல்லாவிட்டால் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும்?

கண்ணாடியோ லேசரோ வைத்துக் கண்ணின் மங்கலை எவ்வளவுதான் திருத்தினாலும் பார்வையின் நுணுக்கம் ஓர் இடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தைத் தீர்மானிப்பது, கண்ணின் பின்புறம் இருக்கும் விழித்திரையில் நெருக்கியடித்து நின்று ஒளியை உணரும் கூம்புச் செல்கள்.

நாம் உற்றுப் பார்ப்பது விழித்திரையின் மையக்குழியில் விழுகிறது. அதன் நட்டநடுவில், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சிச் செல்களே இல்லை. ஒல்லியான கூம்புகள் மட்டும், சுமார் 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒன்றாக. வெளியே பார்க்கும் கோணமாகச் சொன்னால், ஒரு டிகிரிக்குள் ஏறக்குறைய 120 கூம்புகள்.

ஒரு தாளில் 1 மி.மீ. கறுப்பு, 1 மி.மீ. வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரிசைக் கூம்பாவது கிடைத்தால்தான் கோடுகள் பிரிந்து தெரியும். சுமார் 7 மீட்டரில் அந்தக் கணக்கு சரியாக முடிகிறது. அதைத் தாண்டினால் வெறும் சாம்பல் நிறம்தான். கண் பரிசோதனையில் இயல்பானது என்று சொல்லும் 6/6 பார்வைக்கு இதில் பாதித் தூரமே கணக்கு. ஆகவே நல்ல கண்ணுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஆனால் அது இரண்டு மடங்குக்கு மேல் போகாது.

லென்ஸ் அதைவிடப் பொடிக் கோடுகளையும் உள்ளே விட்டால் என்ன ஆகும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1985-ல் பார்வை ஆராய்ச்சியாளர் டேவிட் வில்லியம்ஸ் லேசர் ஒளியால் விழித்திரையிலேயே மிக நெருக்கமான கோடுகளை விழவைத்தார். லென்ஸின் மங்கல் அதைத் தொடவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கோடுகள் அல்ல. வரிக்குதிரை உடம்பில் இருப்பதைப் போல நெளிநெளியான, அகலமான பட்டைகள். கூம்புகள் போதாததால் பிறந்த பொய்யான வடிவம் அது. இயல்பான கண்ணில் லென்ஸின் லேசான மங்கல் இந்தப் பொய்யைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அந்த மங்கலை வெறும் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மையத்தை விட்டு விலகினால் நிலைமை இன்னும் மோசம். கூம்புகள் பருத்து விலகி நிற்கும், நடுவே குச்சிகள் புகுந்துவிடும், பல செல்களின் சேதி ஒரே நரம்பில் சேரும்.

அப்புறம் ஒரு விஷயம். ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும் இரு செங்குத்துக் கோடுகளில் ஒன்று துளி நகர்ந்திருந்தால், கூம்பு இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நகர்வைக்கூடப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்துக் கூம்புகளில் விழும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டு மூளை இடத்தைக் கணிக்கிறது. கூம்பு இடைவெளி கறாராகக் கட்டிப்போடுவது, நெருங்கிய கோடுகளைப் பிரித்துப் பார்ப்பதை மட்டும்தான்.