எந்த மேசையில் யாரை உட்கார வைக்கிறார்கள்

"ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று சமூகம் வகுத்து வைத்திருக்கும் பங்குகள் ஒருவருடைய வாழ்க்கையை இன்றும் தீர்மானிக்கின்றனவா, அல்லது அதெல்லாம் பழங்கதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பனியன் கம்பெனித் தையல்காரர். அம்மா செக்கிங், அதாவது தைத்து முடித்த துணியில் குறை பார்க்கும் வேலை செய்தவர். நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு எழுதி வருகிறேன். தீர்மானிக்கின்றன என்பதே என் பதில். ஆனால் "நீ இதைச் செய்யக் கூடாது" என்று யாரும் வாய்விட்டுத் தடுத்து நான் பார்த்தது குறைவு. வேலைக்குச் சேரும் முதல் நாளில் எந்த மேசையைக் காட்டி உட்காரச் சொல்கிறார்கள் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் போடும் கூலி ஒப்பந்தத்தில் வேலைகள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் ஆகியவை மேல் வகை. கைமடி, செக்கிங், டேமேஜ் ஆகியவற்றுக்குக் கூலி அதைவிடக் குறைவு. தையல்காரர் தைத்துத் தள்ளும் துணியை வாங்கி, மடித்து, அடுக்கி, அடுத்த தையலுக்கு எடுத்துக் கொடுப்பவரைத்தான் கைமடி என்போம். ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கூலி கொடுக்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் சொன்னது. எங்கள் ஊர்ப் பதிவேடுகளில் அந்தச் சட்டத்தை மீறியதாக ஒரு வரியைக்கூட நீங்கள் காட்ட முடியாது. ஏனெனில் கூலி வகைக்குத்தான் எழுதப்படுகிறது, ஆளுக்கு எழுதப்படுவதில்லை. கீழ் வகையில் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால்தான் பெரும்பாலும் பெண் பெயர்களாக இருப்பது தெரியும்.

என் பெற்றோர் இருவருமே கைமடியாகத்தான் தொழிலுக்கு வந்தவர்கள். அப்பா 1980இல், பதினான்கு வயதில் வந்தார். விலைவாசிக்கு ஏற்பத் தரும் பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தம் தொடங்கும்போது அவர் கைமடியாகத்தான் இருந்தார். அது முடிந்த சில மாதங்களில் தையல்காரராகிவிட்டார். எப்படித் தொழில் கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். டீ இடைவேளையில் தையல்காரர் வெளியே போனதும் அவருடைய மிஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்ப்பாராம். திரும்பி வரும் தையல்காரர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நூல் இழுக்குது பாரு, இப்படிப் புடி" என்று சொல்லிக் கொடுப்பாராம். மற்ற நாள்களில் அவரோடு பேக்கரிக்குப் போய், எந்தக் கம்பெனியில் ஆர்டர் வந்திருக்கிறது, எந்தக் கான்ட்ராக்டர் ஆள் தேடுகிறார் என்பதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வருவாராம். பத்து ஆண்டுகள் கழித்து வந்த அம்மாவுக்கு அந்த மிஷினும் இல்லை, அந்த பேக்கரியும் இல்லை. இடைவேளையில் பெண்கள் உள்ளேயே தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஆண் தையல்காரர் ஒருவரின் மிஷினில் இருபது வயதுப் பெண் போய் உட்கார்ந்தால் அன்று மாலைக்குள் அது வேறு கதையாகிவிடும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கைமடியிலிருந்து அம்மா செக்கிங்குக்கு மாறினார், அங்கேயே இருந்தார்.

செக்கிங் எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். துணியைப் பார்ப்பதற்கு முன்பே அம்மாவின் விரல் தையலின் மேல் ஓடும். ஊசி குத்திய ஓட்டையையும் விட்டுப்போன தையலையும் அந்த விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். வெளிச்சத்தில் விரித்து எண்ணெய்க் கறை பார்ப்பார். உள்பக்கம் திருப்பிப் பிசிறு வெட்டுவார். பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சை நிறுத்தாமலே டேமேஜ் துணியைத் தனியே எறிவார். அப்பாவைத் "தொழில் தெரிந்த ஆள்" என்று ஊர் சொன்னது. அம்மாவின் விரலுக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவேயில்லை. "பொம்பளைகளுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றுதான் சொன்னார்கள். திறமை என்றால் அதற்குக் கூலி கேட்கலாம், பொறுமை என்றால் கேட்க முடியாது. இந்தச் சொல் வித்தியாசம்தான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல்.

வீட்டுக் கடிகாரமும் இதோடு சேர்ந்துதான் ஓடுகிறது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து இருவரும் இரவு ஒன்பது மணிக்கு ஒரே வண்டியில்தான் வந்து இறங்குவார்கள்; அப்பா திண்ணையில் உட்காருவார், அம்மா நேரே தண்ணீர்க் குடத்தைத் தொட்டுப் பார்ப்பார். 2019இல் நாடு முழுக்க அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. எங்கள் வீட்டில் அந்த 97க்கும் வழியில்லை.

இதில் ஆண் மட்டும் சுகமாக இருந்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி இறுதியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயம் ஏறிய துணி வராவிட்டால் தையல் ஏது? அப்பாவின் கம்பெனியில் ஆர்டர் நின்றது. அதை எங்களிடம் சொல்லாமல், நாள் தவறாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கிளம்பி, நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டு இரவு திரும்பியிருக்கிறார். சனிக்கிழமைச் சம்பளம் மூன்று வாரம் வராமல் போன பிறகுதான் அம்மாவுக்கு விளங்கியது. அம்மாவின் கம்பெனியில் கைவசம் இருந்த சரக்குக்குச் செக்கிங் ஆள் தேவைப்பட்டது. வரச் சொல்லி அம்மா கேட்டார்.

"பொம்பளைங்க கூட உக்காந்து பிசிறு வெட்டச் சொல்றியா?"

"நான் இருவது வருசமா அதத்தானுங்க வெட்டீட்டிருக்கேன்."

அவர் போகவில்லை. வட்டிக்கு வாங்கினார். அந்தக் கடன் அடைய நான்கு ஆண்டுகள் ஆயின.

அந்தக் கடன் எங்கள் படிப்பிலும் கை வைத்தது. அதுவும் எதிர்பாராத பக்கத்தில். தம்பி பத்தாம் வகுப்போடு பவர் டேபிள் தையல் வேலைக்குப் போனான், ஏனென்றால் ஆண் பிள்ளை சம்பாதித்தாக வேண்டும். நான் பி.காம். முடித்தேன், ஏனென்றால் பெண் படித்திருந்தால்தான் நல்ல இடத்து வரன் வரும். இருவரில் கணக்கில் கெட்டிக்காரன் அவன்தான். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாணவிகள் ஆண்டுதோறும் மாணவர்களை முந்துவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவுதான் வரும்.

திருமணத்தையே கூலி ஒப்பந்தமாக்கியவர்களும் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டு வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்லின. இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய என் சித்தி மகளுக்கு அந்தத் தொகை வரவில்லை.

இன்று நிலைமை அப்படியே இருக்கிறதா என்றால், இல்லை. எங்கள் நிறுவனத்திலேயே வரிசை வரிசையாகப் பெண்கள் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் அப்பாவைவிட வேகமாகத் தைக்கிறார்கள். அந்த வரிசைகளை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் பெயர்களை நான் ஒவ்வொரு மாதமும் தட்டச்சு செய்கிறேன். பதினொன்றில் இரண்டு பெண்கள்.

அப்பாவுக்கு முதுகு வலி வந்து மிஷினை விட்டுவிட்டார். அம்மா பக்கத்து யூனிட்டிலிருந்து மூட்டையாகப் பீஸ் வாங்கி வந்து, பீஸுக்கு இத்தனை பைசா என்று வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறார். சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு அப்பாவும் ஒரு கத்தரியோடு உட்கார்ந்துவிடுவார். கை வேகமும் நன்றாகவே இருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும், மடியிலிருக்கும் துணியை அம்மா பக்கம் தள்ளிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.