கத்திக்கு எந்த உருக்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஒன்ராறியோவில் வசிக்கும் என் மச்சான் மான் வேட்டைக்குப் போகிறவர். ஆடி அமாவாசைக்குத் திருகோணமலைக்கு வரும்போது தன்னுடையதைப் போன்ற ஒரு கத்தியை எனக்கும் வாங்கி வருவதாகச் சொல்லி, டி2 உருக்கா, எஸ்30வி உருக்கா வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கும்போதும் மீன் துப்புரவாக்கும்போதும் மட்டுமே எனக்கு அது தேவைப்படும். எதைச் சொல்லட்டும்?
வாசகர், நிலாவெளி

பதில்: இரண்டும் நல்ல உருக்குகளே, ஆயினும் நிலாவெளிக்கு இரண்டையும் நான் சொல்லமாட்டேன். மயிரும் மண்ணும் படிந்த மான்தோல் கத்தியின் வாயை விரைவில் மழுக்கிவிடும் என்பதால், ஒரு மானை உரித்துத் துண்டுபோட்டு முடிக்கும்வரை தீட்டாமலே கூர் நிற்கவேண்டும் என்று உங்கள் மச்சான் எதிர்பார்ப்பது நியாயமானது. நம் நாட்டிலோ மானையும் மரையையும் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். உங்கள் கத்தி உப்புக் காற்றிலும் மீன் ஈரத்திலுமே காலந்தள்ளப் போகிறது.

டி2 தொழிற்சாலை அச்சுகளுக்காக உருவான உருக்கு. அதில் ஏறத்தாழ 12% குரோமியம் இருப்பதைக் காட்டிக் கறள் பிடிக்காது என்று விற்பவர்களும் உண்டு. உருக்கின் மேற்பரப்பில் குரோமியம் ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலமே கறளைத் தடுக்கிறது. டி2 இல் உள்ள 1.5% அளவான காபன், அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கைக் காபைட்டு (காபனும் உலோகமும் சேர்ந்த கடினமான சேர்மம்) மணிகளாகக் கட்டிவைத்துக்கொள்வதால், படலத்துக்கு எஞ்சுவது போதாமற் போகிறது. இரவு மீன் வெட்டிவிட்டுக் கழுவாமல் வைத்தால், விடியும்போது அலகில் செம்புள்ளிகளைக் காண்பீர்கள்.

2001 இல் அமெரிக்காவில் அறிமுகமான எஸ்30வி கறளை இதைவிட நன்கு தாங்கும். ஆனால் அதிலுள்ள 4% வனேடியம் உண்டாக்கும் காபைட்டு, சாதாரண சாணைக்கல்லின் மணிகளைவிடக் கடினமானது. ஒருமுறை மழுங்கிவிட்டால், வைரத்தூள் பதித்த தகடு இல்லாமல் அதைக் கூராக்குவது பெரும்பாடு.

சுவீடன் நாட்டு 14சி28என் உருக்கில் ஒரு கத்தியைக் கேளுங்கள். அதில் குரோமியம் 14%, காபன் 0.62% மட்டுமே, சிறிதளவு நைதரசனும் சேர்த்திருப்பதால் காபனைக் கூட்டாமலே கடினம் கிடைக்கிறது, குரோமியமும் தன் வேலைக்கு மிஞ்சுகிறது. கூர் எஸ்30வி அளவுக்கு நீடிக்காது, உண்மைதான். ஆனால் வீட்டுக் கல்லில் சில இழுப்புகளில் திரும்பி வந்துவிடும். படகிலேயே கிடக்கப்போகும் கத்தியென்றால் உப்புநீரையும் தாங்கும் எல்சி200என் என்ற உருக்கு இன்னும் மேல், விலைதான் கடிக்கும். எதுவானாலும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். தோலுறை உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்திருக்கும் என்பதால், அதற்குள் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். மச்சான் அதை விமானத்தில் கைப்பையில் வைக்காமல், பொதியில் போட்டு அனுப்பவேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: லொறி வில்லுத்தகட்டில் கத்தி அடித்துத் தருவதாக ஊர்க் கொல்லர் சொல்கிறார். நம்பலாமா?
வாசகர், மூதூர்

பதில்: வில்லுத்தகடு பெரும்பாலும் 0.6% அளவில் காபன் உள்ள, அடிபட்டாலும் உடையாத உருக்கு. விறகு பிளக்கவும் பற்றை வெட்டவும் காட்டுக்கத்திக்கு அதைவிட மலிவாக நல்லது கிடைப்பது அரிது. ஓடித் தேய்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கக்கூடும். ஆகவே ஓடாத தகட்டுத் துண்டு கிடைத்தால் அதையே கொடுங்கள்.

மற்றதெல்லாம் கொல்லரின் தோய்ச்சலில் இருக்கிறது. உலையில் சிவந்த அலகில் காந்தம் ஒட்டாத நிலை வந்தபின், இன்னும் சற்றுச் சூடேற்றி எண்ணெயில் தோய்க்கவேண்டும். தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கலாம். தோய்த்ததோடு விட்டால் அலகு கண்ணாடிபோல் நொறுங்கும். அதைத் துலக்கி, வைக்கோல் மஞ்சள் நிறம் படரும்வரை மெதுவாக மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். பட்டறைக்குப் போய் இதை நின்று பாருங்கள்; நிறத்தைக் கவனிக்காமல் சூடாக்குகிறவரிடம் கத்தி அடிப்பிக்க வேண்டாம். பிறகு சாணைச்சக்கரத்தில் பிடிக்கும்போது வாய் நீலம் பாய்ந்தால், அவ்விடத்துப் பதம் போய்விட்டது என்று கொள்ளலாம். இந்த உருக்குக்குக் கறள் கட்டாயம் பிடிக்கும், தேங்காய் எண்ணெயைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

கேள்வி: காந்தம் ஒட்டாத கத்திதான் அசல் எவர்சில்வர் என்கிறார்களே?
வாசகர், கிண்ணியா

பதில்: அது பாத்திரக் கடைச் சோதனை. காந்தம் ஒட்டாத பாத்திரத் தகட்டைத் தோய்ச்சலால் கடினமாக்க முடியாது, அதில் செய்த கத்தி ஒரு மீனுக்கே மழுங்கிவிடும். நல்ல கத்தி உருக்குகளில் பெரும்பாலானவை, கறள் பிடிக்காதவை உட்பட, காந்தத்தில் ஒட்டவே செய்யும்.