புழுவெட்டும் தை மாதக் கல்யாணமும்

கேள்வி: மகளுக்கு 23 வயது. உச்சந்தலையில் இரண்டு இடத்தில் ரூபாய் அளவுக்கு முடி கொட்டிவிட்டது. போர் தண்ணீரில் குளிப்பதாலா? சின்ன வெங்காயம் தேய்க்கிறோம். ‘எதிர்ப்பு செல்லின் ஏற்பி கெட்டு, உடம்பே உடம்பைத் தின்கிறது’ என்று மகன் செல்போனில் படித்துவிட்டு, மெடிக்கலில் டோஃபாசிட்டினிப் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறான். தையில் கல்யாணம். அடுத்து கிட்னி, இதயம் என்று போகுமா?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: போகாது அம்மா. இது புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்பு செல்கள் போடும் சண்டை முடி வேரோடு சரி. தைராய்டு கோளாறு சிலருக்குச் சேர்ந்து வரும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தண்ணீர் காரணமில்லை. சீப்பு, தலையணை வழியாக யாருக்கும் ஒட்டாது. வெங்காயத்தை நிறுத்துங்கள், தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

ஏற்பி கெட்டுப்போகவும் இல்லை. சிடி8 என்ற டி செல்கள் எதிர்ப்பு செல்களில் ஒரு வகை. அவற்றின் மேல் என்.கே.ஜி.2டி என்றொரு ஏற்பி உண்டு. ஆபத்தில் இருக்கும் செல்லைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. முடி வேர் சாதாரணமாக இந்தக் காவலின் கண்ணில் படாது. ஏதோ ஒரு காரணத்தால் வேர் அபாய அடையாளத்தைக் காட்டிவிட்டால், ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். டி செல்கள் கூடி, வீக்கத்தைத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். வீக்கம் வந்து முடி உதிரும். ஆனால் முடியை மறுபடி உண்டாக்கும் மூலச்செல்கள் தப்பிவிடும். அதனால்தான், அறுத்த நெல் தாளில் மறுதாம்பு கிளம்புகிற மாதிரி, சின்னத் திட்டுகளில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைக்கிறது. முதலில் வெள்ளையாக வரலாம், பயப்பட வேண்டாம். பின்னால் மறுபடி கொட்டவும் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பகல் வெளிச்சத்தில் திட்டை உற்றுப் பாருங்கள். முடித் துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நல்லது. துளையே தெரியாமல் தோல் பளபளவென்று மூடியிருந்தாலோ, ஓரத்தில் சிவந்து எரிச்சலும் அரிப்பும் இருந்தாலோ, அது வேறு நோயாக இருக்கலாம். அந்த நோயில் வீக்கம் மூலச்செல்லையே அழித்துத் தழும்பாக்கிவிடும். போன முடி திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். அப்படியென்றால் இந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகள் ‘ஜாக்’ என்ற நொதியைத் தடுத்து இன்டர்ஃபெரானின் கட்டளையை முடக்குபவை. அதே வகையைச் சேர்ந்த பாரிசிட்டினிப் 2022இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கே அனுமதி பெற்றது, அதுவும் கடுமையாகக் கொட்டியவர்களுக்கு. ரூபாய் அளவில் இரண்டே திட்டுக்கு இதையா கொடுப்பது? உடம்பில் தூங்கும் காசநோய்க் கிருமியை இந்த மாத்திரை எழுப்பிவிடக்கூடும். டிபி பரிசோதனை செய்யாமல் நாங்களே தொடங்குவதில்லை. கர்ப்பத்திலும் கூடாது, கல்யாணம் வேறு வைத்திருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள்.

திட்டிலேயே போடும் ஸ்டீராய்டு ஊசி, நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் போதும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் காட்டுங்கள். மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். எத்தனை விழுங்கினாள் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.