மின் நிறுவனங்களின் சங்கத்தில் தலைமைப் பதவிக்கு வர இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே தனியார் மின் நிறுவனங்களுக்கு எடிசன் எலெக்ட்ரிக் இன்ஸ்டிடியூட் (1933), கிராமப்புற மின் கூட்டுறவுகளுக்கு என்.ஆர்.இ.சி.ஏ. (1942) என்று தனித்தனிச் சங்கங்கள். உச்சிக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்துக்கு 2016-இல் தலைவரான ஜிம் மாத்தேசன், யூட்டா மாநிலத்திலிருந்து 14 ஆண்டுகள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினராக இருந்தவர். எடிசன் சங்கத்துக்கு 2024 தொடக்கத்தில் வந்து அதே ஆண்டில் விலகிய டான் புரூயெட், முன்னாள் எரிசக்தித் துறைச் செயலர் (நம்மூர் அமைச்சர் மாதிரியான பதவி). அரசியல் அனுபவத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

அதற்காகப் பெரிய அரசியல் பதவி வகிக்காதவர்களுக்குக் கீழ்மட்டத்திலும் கதவு அடைப்பு என்றில்லை. காங்கிரஸ் குழு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர்கள், மின்கட்டண வழக்குகள் பார்த்த வக்கீல்கள், பொருளாதாரம் படித்தவர்கள் உள்ளே வருகிறார்கள். மசோதாவை வரிவரியாகப் படிப்பது, ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கருத்துரை எழுதுவது, புயலடித்தால் ஒரு மாநிலத்து லைன்மேன்களை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது என்று வேலை ஓடும். லாபியிஸ்டாக, அதாவது சட்டம் இயற்றுபவர்களிடம் சங்கத்துக்காகப் பேசுபவராக, பதிவானால் அந்த வேலையின் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காங்கிரஸுக்குப் போக வேண்டும்.

கஷ்டமான பகுதி வெளியே இல்லை, உள்ளேதான். நிலக்கரியை நம்பும் உறுப்பினரும் அணுமின் நிலையம் வைத்திருப்பவரும் ஒரே தீர்மானத்துக்குத் தலையாட்ட வேண்டுமே! என் பார்வையில், அவர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்கத் தெரிந்தவர்தான் சீக்கிரம் மேலே போவார்.